செல் யோசிக்கும் எட்டு நொடி

என் மனைவி வீட்டுக்குள் வந்துவிட்டாள் என்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரியும். கதவு திறந்த சத்தம் கேட்காது, செருப்பைக் கழற்றிய சத்தமும் கேட்காது. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் நிற்பாள். கல்யாணமான புதிதில் என் அக்கா இரண்டு முறை பயந்து அலறியிருக்கிறாள். மூன்றாவது முறை அலறவில்லை, "பூனை" என்று பேர் வைத்துவிட்டாள். அந்தப் பேர் நிலைத்துவிட்டது.

டீ ஊற்றுவதிலும் அப்படித்தான். டம்ளரை லேசாகச் சாய்த்து, அதன் சுவர் வழியாக வழியவிடுவாள். ஒரு நுரை எழும்பாது. "ஏம்மா, இது டீயா, கண்ணு மருந்தா?" என்று நான் கேலி செய்வேன். அவள் அடுத்த டம்ளரைச் சாய்ப்பாள். நான் குழாய் வேலைக்காரன். சுத்தியல், ரம்பம், இரும்புக் குழாய் இவற்றோடு முப்பது வருஷம் ஓட்டியவன். பக்கத்துத் தெருவில் நின்று பேசினாலும் என் குரல் எங்கள் சமையலறைக்குக் கேட்கும். எங்கள் வீட்டில் சத்தத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், மற்றதெல்லாம் அவள் பொறுப்பு.

அவளுக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. இருபத்திரண்டு வயதில் கண்ணாடிச் சாமான் கழுவச் சேர்ந்தாள். மூன்று வருஷத்தில் உடம்புச் செல்களை வளர்க்கும் அறைக்குள் விட்டார்கள், ஐந்து வருஷத்தில் நுண்ணோக்கி முன்னால் உட்கார வைத்தார்கள். கழுவியபோது ஒரு குழாய்கூட உடைத்ததில்லையாம். ஒன்றையும் உடைக்காத கை என்ற ஒரே தகுதியில் மேலே வந்தவள் என்று நான் பெருமையாகச் சொல்வேன். அவள் முறைப்பாள்.

சிறுநீரக ஆராய்ச்சி என்று கேள்விப்பட்டதும் என் சொந்தக்காரர்கள் வரிசை கட்டினார்கள். சித்தப்பா ஒருவர் கல்யாண வீட்டிலேயே பையிலிருந்து பரிசோதனைக் காகிதத்தை எடுத்து நீட்டினார். என் அக்காவுக்கு அப்போது கல் இருந்தது. "ஏம்மா, கல்லு கரையறதுக்கு என்ன சாப்பிடலாம்?" என்றாள்.

"நான் செல்லைத்தான் பாக்குறேன் அண்ணி. ஆளைப் பாக்குறதில்ல."

"செல்லு ஆளுக்குள்ளதானே இருக்கு?"

இன்று வரைக்கும் அக்கா கேட்பதை விடவில்லை.

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று எனக்குப் புரியவே பத்து வருஷம் ஆனது. முதலில் சொன்னபோது தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சிறுநீரகத்துக்குள் ரத்தத்தை வடிகட்டும் சின்னச் சின்ன முடிச்சுகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. தலைமுடியைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள் சுருண்டு கிடக்கும் முடிச்சுகள். அந்தக் குழாய்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் செல்களைத்தான் அவள் தட்டில் வளர்க்கிறாள். உடம்பில் ரத்த அழுத்தம் இறங்கினால் குழாயை இறுக்குவதற்கென்றே சில ஹார்மோன்கள் புறப்பட்டு வரும். ஆஞ்சியோடென்சின் என்று ஒன்று, வாசோபிரசின் என்று ஒன்று. அவை வந்து தொட்டதும் செல்லுக்குள் கால்சியம் கிடுகிடுவென்று ஏறும். சாதாரணமாகச் செல்லுக்குள் இருக்கும் கால்சியம், வெளியில் இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஹார்மோன் வந்ததும் செல் முதலில் தன் உள்ளறையில் பூட்டி வைத்திருப்பதை அவிழ்த்துவிடும், பிறகு வெளிக்கதவையும் திறக்கும். கால்சியம் ஏறினால் செல் சுருங்கும், குழாய் இறுகும். அதன் பின்னாலேயே கொஞ்சம் சோடியம் உள்ளே வரும், செல்லுக்குள் இருக்கும் அமிலப் புளிப்பு வெளியே போகும். பிறகு எல்லாம் மெதுவாகப் பழைய நிலைக்குத் திரும்பும்.

இது புரிந்த அன்று நான் துள்ளிக் குதித்தேன். "அடிப்பாவி, இது என் வேலையாச்சே! பிரஷர் வேணும்னா குழாயைச் சின்னதாக்கணும். இதைத்தான நான் தெனம் பண்றேன்!"

"ஆமா. ஆனா செல்லு 'நாளைக்கு வர்றேன்'னு சொல்லிட்டு ஒரு வாரம் கழிச்சு வராது" என்றாள். அவள் வாயிலிருந்து வருஷத்துக்கு இரண்டு பேச்சுதான் இப்படி வரும், வந்தால் எலும்பு வரைக்கும் இறங்கும்.

கால்சியம் ஏறுவதைப் பார்க்க ஓர் உபாயம் வைத்திருக்கிறார்கள். செல்லுக்குள் ஒரு சாயத்தை ஏற்றி, இருட்டறையில் நுண்ணோக்கிக்கு அடியில் வைப்பார்கள். கால்சியம் குறைவாக இருந்தால் கணினித் திரையில் செல் நீலமாகத் தெரியும். ஏற ஏறப் பச்சை, மஞ்சள், சிவப்பு. கீழே கால்சியம் அளவைக் காட்டும் ஒரு கோடும் ஓடும். ஹார்மோன் சொட்டை விட்ட நொடியில் கோட்டில் ஒரு குறி போடுவாள்.

குறி போட்டதும் கோடு ஏறாது என்பதை அவள்தான் ஒரு தடவை சொன்னாள். ஹார்மோன் விழுந்த பிறகும் ஏழு, எட்டு நொடிக்கு ஒன்றுமே நடக்காது. நீலம் நீலமாகவே கிடக்கும். அதற்கப்புறம்தான் பற்றிக்கொள்ளும். அந்த இடைவெளிக்கு அவள் வைத்திருந்த பேர் "யோசிக்கிற நேரம்".

"செல்லு யோசிக்குமா?" என்றேன்.

"வாசல்ல மணி அடிச்சா உடனே கதவு திறக்குதா? உள்ள இருக்கிறவங்க எழுந்து வரணும்ல?"

அந்தச் செல்களுக்கு இரண்டு நாளுக்கொரு தடவை சாப்பாடு, அதாவது சத்துநீர், மாற்றவேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் சரி, மழை பெய்தாலும் சரி. எங்கள் கல்யாணத்துக்கு மூன்றாம் நாள் அவள் செல்லுக்குச் சாப்பாடு போடப் போனாள். இருபத்து நான்கு வருஷத்தில் நாங்கள் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் வெளியூரில் தங்கியதில்லை. அக்கா மகள் கல்யாணத்துக்கும் முகூர்த்தம் முடிந்த கையோடு பஸ் ஏறிவிட்டாள். "உன் தட்டுப் பிள்ளைங்க பட்டினி கெடந்தா என்ன, ஒரு நாள் கெடக்கட்டுமே" என்று நான் எள்ளும் கொள்ளும் வெடிக்கும் முகத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறேன். எனக்கு அந்தச் செல்கள்மேல் ஒரு வயிற்றெரிச்சல் இருந்தது உண்மை. மறைப்பானேன்?

போன வருஷம் அங்கே ஒருவர் வந்து சேர்ந்தார். முப்பத்தைந்து வயது, படிப்பில் புலி, இரண்டு குழந்தைகளுக்கு அப்பா. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரிதான் நடப்பார், நின்றுகொண்டே சாப்பிடுவார். ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்தவர் டீயைக் குடித்து, டம்ளரை வைத்து, "வர்றேன் அண்ணே" என்று சொல்லி முடிப்பதற்குள் கேட்டைத் தாண்டிவிட்டார். நான் அவருக்கு "அவசரம்" என்று பேர் வைத்தேன். நல்ல மனுஷன், அதிலும் சந்தேகமில்லை.

அவசரம் ஒரு கண்டுபிடிப்பின் வாலைப் பிடித்துவிட்டார். உடம்பு ஆஞ்சியோடென்சினைக் கத்தரித்துப் போடும்போது ஒரு சின்னத் துண்டு விழுமாம். அவர்கள் கூடத்தில் அதை யாரும் சட்டை செய்ததில்லை. அந்தத் துண்டை விட்டாலும் செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது என்று அவர் காட்டினார். பெரிதாக ஏறவில்லை, பச்சை தாண்டி மஞ்சளின் ஓரம் வரைக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஏறியது. கூடத்தின் தலைவியான பெரிய டாக்டர் அம்மாவுக்கு உச்சி குளிர்ந்தது.

இந்த மாதிரி வேலையில் ஒரு சத்தியப் பரிசோதனை உண்டு. ஹார்மோன் எதுவும் கலக்காத வெறும் உப்புநீரை அதே அளவு விட்டுப் பார்க்கவேண்டும். அதற்கு அவர்கள் "சும்மா சொட்டு" என்பார்கள். சும்மா சொட்டுக்குச் செல் அசையாமல் இருந்தால்தான் ஹார்மோன் சொட்டுக்கு அசைந்ததை நம்பலாம். இருட்டறை ஒன்றே ஒன்று. அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். காலையில் என் மனைவி சும்மா சொட்டு எல்லாவற்றையும் முடித்துவிடுவாள், மத்தியானம் அவசரம் துண்டைக் கரைத்துக்கொண்டு வந்து விடுவார். நேரம் மிச்சம். ஐந்து மாதம் இப்படியே ஓடியது. அவள் சொட்டுக்குச் செல் நீலமாகவே கிடந்தது, அவர் சொட்டுக்கு மஞ்சளானது. கட்டுரை எழுதியாகிவிட்டது.

அனுப்புவதற்கு முன்னால் பெரிய டாக்டர், "இன்னொருத்தர் கையாலயும் ஒரு தடவை பாத்துடலாம்" என்றார். மாமனாருக்கு உடம்பு முடியாததால் அவசரம் பத்து நாள் லீவில் போயிருந்தார். என் மனைவி உட்கார்ந்தாள். துண்டை விட்டாள். நீலம். மறுநாள் விட்டாள். நீலம். ஆறு நாள் விட்டும் ஒரு செல்கூடப் பச்சைக்கு வரவில்லை. ஏழாம் நாள் முழு ஆஞ்சியோடென்சினை விட்டாள். எட்டு நொடி யோசித்துவிட்டுச் சிவந்தது.

லீவு முடிந்து வந்த அவசரம் அதற்கும் பதில் வைத்திருந்தார். "முழு ஹார்மோனுக்கு அரைத்தூக்கத்துல இருக்கிற செல்லும் முழிச்சுக்கும்க்கா. துண்டுக்கு செல் நல்லா தெம்பா இருக்கணும். சாயம் ஏத்தும்போது எங்கயோ களைச்சுப் போகுது." உடனே அவரே உட்கார்ந்து விட்டுக் காட்டினார். மஞ்சள். எல்லாரும் பார்த்தார்கள்.

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பெரிய டாக்டர் தனியே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாராம். "இருபத்தாறு வருஷம் இருட்டுல உக்காந்தாச்சு. கண்ணும் கையும் களைச்சிருக்கும். ஸ்டோர் ரூம்ல பெரிய ஜன்னல் இருக்கு, வெளிச்சமா இருக்கும். ஒண்ணாம் தேதியிலருந்து அங்க பாத்துக்குங்களேன். செல்லை எல்லாம் அவர் பாத்துப்பார்."

அன்று சாயங்காலம் அடுப்படியில் நின்றுகொண்டு இதை என்னிடம் நாலே வரியில் சொன்னாள். எனக்கு அப்போது வலது கண்ணில் புரை எடுத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, வேலைக்குப் போகக்கூடாது. வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து வாய் மட்டும்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

"நல்லதாப் போச்சு!" என்றேன். "இனி ஞாயித்துக்கிழமை வீட்டுல இருப்ப. நாலு ஊரு போலாம். அந்தச் சனியன் பிடிச்ச செல்லை அவரே கட்டிக்கிட்டு அழட்டும்."

டங் என்று ஒரு சத்தம். அவள் கையிலிருந்த பாத்திரத்தை மேடையில் வைத்த சத்தம். உள்ளறையிலிருந்து என் மகள் ஓடிவந்து, "அப்பா, என்னத்தைக் கீழ போட்டீங்க?" என்று என்னைத்தான் கேட்டாள். இருபத்து நான்கு வருஷத்தில் அந்த வீட்டில் பூனை போட்ட முதல் சத்தம் அது. டாக்டர் அம்மாமேல் உள்ள கோபம் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒண்ணாம் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது.

கண் மருந்தைப் பற்றிச் சொல்லவேண்டும். நாளுக்கு நாலு தடவை. அவள்தான் விடுவாள். கீழ் இமையை ஒரு விரலால் இழுத்து, ஓரத்தில் விடுவாள். சொட்டு விழுந்ததே எனக்குத் தெரியாது. "போடு, போடு" என்று நான் காத்திருப்பேன், அவள் மூடியைத் திருகிக்கொண்டிருப்பாள். கொஞ்சம் கழித்து ஓர் எரிச்சல் வரும், அப்போதுதான் மருந்து உள்ளே போன சங்கதியே தெரியவரும்.

டங் சத்தத்துக்கு மறுநாள் காலை அவள் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். என்னோடு பேச்சு இல்லை. மகள் மருந்தை எடுத்துக்கொண்டு வந்தாள். என் மகள் எல்லாவற்றிலும் என்னைக் கொண்டு பிறந்தவள். அரை அடி உயரத்திலிருந்து நடுக்கண்ணில் சொத்தென்று விட்டாள்.

"ஐயோ!" என்று நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"எரியுதாப்பா?"

"எரியாம? கண்ணே போச்சு!"

தலை துவட்டிய துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற என் மனைவி, முந்தின நாள் சாயங்காலத்துக்குப் பிறகு முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "பொய் சொல்லாதீங்க. மருந்து எரிய பத்து நொடி ஆகும். நீங்க சொட்டு பட்ட உடனே கத்துனீங்க. அது மருந்துக்குக் கத்துனது இல்ல, இடிச்சதுக்குக் கத்துனது."

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். தலை ஈரம் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் ஏதோ சொன்னேன், காதில் வாங்கவில்லை. தலைகூட வாராமல் முடிந்துகொண்டு கிளம்பிவிட்டாள். சாப்பாட்டு டப்பாவை மறந்தவள் அன்றுதான் முதல் தடவை.

அங்கே நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் சொல்வது கால்வாசி, மீதியை நான் கேட்டுக் கேட்டுப் பிடுங்கினேன். நேராக அவசரத்திடம் போய், துண்டு விட்டபோது ஓடிய கோடுகளைக் காட்டச் சொல்லியிருக்கிறாள். அதுவரைக்கும் அவள் பார்த்ததெல்லாம் கணக்குப் போட்டு வரைந்த கடைசிப் படங்களையும், அவர் விட்டுக் காட்டிய அன்று திரையில் தெரிந்த நிறத்தையும்தான். கோடுகள் எல்லாம் அவர் கணினிக்குள் இருந்தன. அவர் திறந்து காட்டினார். முதல் கோடு. குறி போட்ட அதே நொடியில் ஏறியிருந்தது. இரண்டாவதும் அப்படித்தான். ஐம்பது கோடு பார்த்தாள். ஒன்றில்கூட யோசிக்கிற நேரம் இல்லை.

"சார், இது ஹார்மோனுக்கு ஏறுனது இல்ல" என்றாள்.

"அப்போ எதுக்குக்கா ஏறுது?"

"நீங்க சொட்டு விடுற வேகத்துக்கு. செல்லு பயந்துடுது."

அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. அவர் படித்தவர். தண்ணீர் மோதினாலும் செல்லுக்குள் கால்சியம் ஏறும் என்பது அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. "ஆனா சும்மா சொட்டுக்கு ஏறலையேக்கா?" என்றார். கேட்ட வாயை மூடுவதற்குள் அவருக்கே பதில் தெரிந்துவிட்டது. ஐந்து மாதமாகச் சும்மா சொட்டு ஒவ்வொன்றையும் விட்டது யார் கை? டம்ளர் சுவர் வழியாக டீ ஊற்றுகிற கை. துண்டு ஒவ்வொன்றையும் விட்டது யார் கை? டம்ளரை வைப்பதற்குள் கேட்டைத் தாண்டுகிற கை.

பெரிய டாக்டரிடம் இரண்டு பேருமே போனார்கள். டாக்டர் தானே இரண்டு குழாய்களை நிரப்பினார். ஒன்றில் துண்டு, ஒன்றில் வெறும் உப்புநீர். எது எது என்று தன் கைக்குள் எழுதி மூடிக்கொண்டு, ஒரே தட்டிலிருந்து எடுத்த செல்களை இரண்டு பேருக்கும் பாதி பாதியாகப் பிரித்துக் கொடுத்தார். அவசரம் முதலில் உட்கார்ந்தார். முதல் குழாயிலிருந்து விட்டார், மஞ்சள். இரண்டாவது குழாயிலிருந்து விட்டார், அதுவும் மஞ்சள். அவள் உட்கார்ந்தாள். தட்டின் ஓரம் வழியாக வழியவிட்டாள். நீலம். அடுத்ததும் நீலம்தான்.

எது எது என்று பார்க்கவேண்டிய தேவையே இல்லை. டாக்டர் கையைத் திறக்கக்கூட இல்லை.

"அப்புறம்? அப்புறம் நீ என்ன சொன்ன?" என்று நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பாள், கண்ணும் கையும் களைத்ததா என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பாள் என்று எனக்கு ஆசை.

"ஒண்ணும் சொல்லல. அவரு முகத்தைப் பாக்கவே முடியல. ஒரு வருஷ உழைப்பு. சாப்பிடக்கூட இல்ல. என் டப்பாவும் வீட்டுல கெடக்கு, இல்லன்னா கொடுத்திருப்பேன்."

எனக்கு எரிச்சலாக வந்தது. அவளைக் கட்டிக்கொண்ட பெருமையும் கூடவே வந்தது.

கட்டுரை அலமாரிக்குள் போனது. அவசரம் இரண்டு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் பெரிய டாக்டர் இரண்டு பேரையும் உட்கார வைத்து, "சிறுநீரகத்துல ரத்தம் இடிச்சுக்கிட்டுத்தானே ஓடுது? ஹார்மோன் குழாயை இறுக்குனா இன்னும் வேகமா இடிக்கும். அந்த இடிக்கு செல் எவ்வளவு கால்சியம் ஏத்துதுன்னு நாம ஒழுங்கா அளந்து பாத்ததே இல்ல. அதைப் பண்ணுங்களேன்" என்றாராம். மெதுவான சொட்டு, வேகமான சொட்டு, ஹார்மோனோடு, ஹார்மோன் இல்லாமல் என்று நாலு வகை. அவசரத்துக்கு உயிர் வந்துவிட்டது. வேகத்துக்கு அவர் கை, நிதானத்துக்கு இவள் கை என்று ஆரம்பித்து, இப்போது சொட்டு விடவே ஒரு சின்ன இயந்திரம் வாங்கிவிட்டார்கள். அதன் வேகத்தை முதல் நாள் அவள் கைக்குச் சமமாக வைத்துத்தான் தொடங்கினார்களாம்.

நான் சும்மா இருப்பேனா? திறந்த குழாயைச் சட்டென்று மூடினால் தண்ணீர் உள்ளே இடிக்கும், சுவரே அதிரும். "குழாய்க்கு எவ்வளவு தண்ணி வருதுங்கிறது மட்டும் கணக்கு இல்ல, எப்படி வருதுங்கிறதும் கணக்கு. முப்பது வருஷமா ஊருக்கே சொல்லிட்டு வர்றேன். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தா ஐஞ்சு மாசம் மிச்சம்" என்றேன்.

"உங்க கூச்சலைத்தான் கேட்டேனே" என்றாள். அந்த வருஷத்தின் இரண்டாவது பேச்சு அது.

ஸ்டோர் ரூம் பேச்சு நின்றுபோனது. பெரிய டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பு என்னோடது. பணி ஓய்வு வரைக்கும் அந்த நாற்காலி உங்களோடது" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்தவள் வழக்கம்போல் சத்தமில்லாமல் வந்து, சத்தமில்லாமல் டீ போட்டு, சத்தமில்லாமல் ஊற்றினாள். நான் அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் வாயைத் திறந்து சொல்லாத எதுவும் எனக்குத் தாமதமாகத்தான் உறைக்கும். அப்போது உறைத்தது. அந்த டங் டாக்டருக்கு இல்லை, எனக்கு. டாக்டர் நாற்காலியைத்தான் கேட்டார். நான் அதைக் கேட்டு "நல்லதாப் போச்சு" என்றேன். இருபத்தாறு வருஷம் அவள் ஆசையாசையாகப் பார்த்த ஒன்றை, எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கிறது என்பதற்காகச் சனியன் என்றேன்.

இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கத்தத்தான் எனக்குத் தெரியும். கண் டாக்டர் வெளியே போகலாம் என்று சொன்ன வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பையை எடுத்தபோது நானும் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"உன்கூடத்தான். செல்லுக்குச் சாப்பாடு போடணும்ல?"

ஒரு நிமிஷம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பையை என் கையில் கொடுத்தாள்.

கட்டடம் காலியாக இருந்தது. நடையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவள் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு, கையைத் துடைத்துக்கொண்டு, தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, பழைய நீரை உறிஞ்சி, புதிய நீரை ஓரம் வழியாக விட்டாள். நாற்பது தட்டு. வீட்டில் எனக்குத் தெரிந்த அதே கைதான். ஆனால் இங்கே அவள் முகம் வேறாக இருந்தது. உதடு லேசாக அசைந்துகொண்டிருந்தது. அவள் அவற்றோடு பேசிக்கொண்டிருந்தாள். என்னோடு ஒரு வாரத்துக்குப் பேசுவதை அங்கே அரைமணியில் பேசியிருப்பாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய வயிற்றெரிச்சல் வரவில்லை.

முடித்துவிட்டுக் கதவைத் திறந்து, "உள்ள வாங்க" என்றாள். இருபத்து நான்கு வருஷத்தில் ஒரு தடவையும் அவள் கூப்பிட்டதில்லை, நானும் கேட்டதில்லை. எனக்கும் ஓர் அங்கி, காலுக்கு உறை. இருட்டறைக்குள் உட்கார வைத்தாள். மறுநாள் சோதனைக்கு முன்னால் சாயம் சரியாக ஏறுகிறதா என்று பார்க்க ஒரு தட்டை எடுத்து வைத்திருந்தாள். அதை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, திரையைத் திருப்பினாள்.

நீலம்.

புரை எடுத்த பிறகு எனக்கு எல்லா நிறமும் கழுவிவிட்ட மாதிரிதான் தெரிந்துகொண்டிருந்தது, நீலம் மட்டும் இன்னும் கூடுதலாக. ஆனால் இப்படி ஒரு நீலத்தை நான் பார்த்ததே இல்லை. இருபது முப்பது செல்கள், ஒவ்வொன்றும் கையைக் காலை நீட்டிப் படுத்திருக்கிற மாதிரி, அசையாமல், நீலமாக.

"தூங்குதுங்க" என்றாள்.

"அன்னைக்கு நான் நல்லதாப் போச்சுன்னு சொன்னேன்ல" என்றேன். என் குரல் எனக்கே கேட்காத அளவுக்கு இருந்தது. "அது தப்பு. எனக்கு ஞாயித்துக்கிழமை வேணும்னு சொன்னேன். உனக்கு என்ன வேணும்னு கேக்கல."

அவள் திரும்பவில்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பதிலே இல்லை. வழக்கமாக இந்த இடத்தில் நான் எதையாவது சொல்லி இட்டு நிரப்புவேன். அன்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கொஞ்சம் பொறுத்து, "ஹார்மோன் விடலையா? எப்ப விடுவ?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"விட்டாச்சு" என்றாள். "உங்களுக்குத் தெரியலையா?"

தெரியவில்லை. சொட்டு விழுந்ததும் தெரியவில்லை, அவள் கை அசைந்ததும் தெரியவில்லை. நீலம் நீலமாகவே கிடந்தது. அப்போது ஓர் ஓரத்தில் ஒரு செல் மட்டும் பச்சையானது. பிறகு அதன் பக்கத்தில் ஒன்று, அப்புறம் மொத்தமும். மஞ்சள் ஏறி, சிவந்து, திரை முழுக்கப் பற்றிக்கொண்டது. நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இருட்டில் அவள் கை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது. "எனக்கும் கொஞ்சம் யோசிக்கிற நேரம் வேணும்ல" என்றாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும்தான் போகிறோம். அவள் சாப்பாடு மாற்றும்வரைக்கும் நான் நடையில் உட்கார்ந்திருப்பேன். அங்கே கழுவும் தொட்டிக் குழாய் ஒன்று ஒழுகிக்கொண்டிருந்தது, போன வாரம் அதைச் சத்தமில்லாமல் சரிசெய்து கொடுத்தேன்.